வீட்டு பிஸ்கட் ஏன் ஒருமுறை கல்லாகிறது, ஒருமுறை பரவிவிடுகிறது?

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பிஸ்கட் ஒன்றிரண்டு சொல்லுங்கள், முட்டை சேர்க்க மாட்டோம், ஓவன் இன்னும் வாங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, வீடியோ பார்த்துச் செய்ததில் முதல் முறை கடிக்க முடியாத அளவுக்குக் கெட்டியாகவும், அடுத்த முறை தட்டு முழுக்கப் பரவி ஒரே அடையாகவும் வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி இந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கிறது. செய்முறைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே செய்முறை ஏன் ஒருநாள் ஒருமாதிரி வருகிறது என்பதைத்தான் யாரும் நின்று சொல்வதில்லை. அதனால் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன், பதில் கொஞ்சம் நீளும்.

நான் பேக்கரி அடுப்பின் முன்னால் பல வருடம் நின்றவன். இப்போது வீட்டில் பேக்கிங் செய்ய விரும்புகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் வாங்கச் சொல்வது ஓவன் இல்லை, ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு. ஒரு கப் மைதா என்கிறார்களே, அந்தக் கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை வரும். ஸ்பூனால் மெதுவாகப் போட்டு நிரப்பித் தட்டிவிட்டால் 120 கிராம்தான் இருக்கும். சாம்பாரில் இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. பிஸ்கட்டில் முப்பது கிராம் மாவு கூடினால் கெட்டியாகும், குறைந்தால் பரவும். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் முதல் சந்தேகம் எனக்கு அந்தக் கப் மேல்தான்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்ததும், எவருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பதும் ஸ்காட்லாந்துக்காரர்களின் ஷார்ட்பிரெட். அதன் கணக்கு ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. அளவெல்லாம் எடையில். 50 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா என்று எடுத்தால் சுமார் இருபது பிஸ்கட் வரும். முட்டை, பால், சோடா எதுவும் வேண்டாம். முட்டையில்லாத பிஸ்கட் என்று தேடுகிறவர்கள் பலர், முட்டை போடும் செய்முறையை எடுத்து அதற்குப் பதில் தயிர், பால் என்று எதையோ ஊற்றிச் சிரமப்படுகிறார்கள். முதலிலிருந்தே முட்டை தேவைப்படாத பிஸ்கட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சிக்கலே கிடையாது.

சர்க்கரையை மிக்சியில் நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளவென்று எண்ணெய் விட்டிருக்கக் கூடாது. அந்தப் பதத்தில் வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் குழைத்து, சலித்த மைதாவைப் போட்டு விரல் நுனியால் சேர்த்து ஒன்றுகூட்டுங்கள். உப்பில்லாத வெண்ணெயாக இருந்தால் இரண்டு சிட்டிகை உப்பு போடுங்கள். கடையில் வாங்கும் மஞ்சள் நிற டேபிள் பட்டரில் உப்பு ஏற்கெனவே இருக்கும், மேலே போட வேண்டாம். ஆரம்பத்தில் மாவு உதிரியாகத்தான் கிடக்கும், பயந்துபோய்ப் பால் தெளிக்கத் தோன்றும். தெளிக்காதீர்கள். கையின் சூட்டில் வெண்ணெய் இளகி ஒரு நிமிடத்தில் தானே கூடிவரும். கூடிவந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். நீளமாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக அறுத்து, இடம் விட்டு அடுக்குங்கள். முன்பே சூடாக்கிய ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 18 முதல் 22 நிமிடம். ஓரம் மட்டும் வெளிர் பொன்னிறமானால் எடுத்துவிடலாம்.

எடுக்கும்போது பிஸ்கட் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளுவது எல்லோரும் செய்வது. பிஸ்கட் மொறுமொறுப்பாவது ஆறும்போதுதான். சூட்டில் உருகியிருந்த சர்க்கரையும் கொழுப்பும் ஆறி இறுகும்போதுதான் அந்த நொறுங்கும் தன்மை வரும். முழுக்க ஆறும்வரை தட்டிலிருந்து எடுக்கவும் வேண்டாம், கடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். உங்கள் முதல் பிஸ்கட் கெட்டியாக வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், ஏனென்றால் அரை மணி நேரம் வைத்தும் மெத்தென்றே இருந்ததால் இன்னும் பத்து நிமிடம் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கெட்டியாவதற்கு இன்னொரு பெரிய காரணம் மாவைச் சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைவது. மைதாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசைபடும்போது இழுவையுள்ள வலையாக மாறும். பரோட்டாவுக்கு அது வேண்டும். பிஸ்கட்டுக்கு அதுவே எதிரி. வெண்ணெயும் நெய்யும் மாவுத் துகளைச் சுற்றிப் பூசிக்கொண்டு தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கின்றன, அதனால்தான் பிஸ்கட் வாயில் போட்டதும் கரைகிறது. வெண்ணெயிலேயே ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, நெய்யில் அது அறவே இல்லை என்று சொல்லலாம். மேற்கொண்டு பால் ஊற்றிப் பிசைந்தால் கொழுப்பு செய்த வேலையை நாமே கெடுத்துவிடுகிறோம். வீட்டில் கடைந்த வெண்ணெய் ருசியில் உயர்த்திதான். ஆனால் அதில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பழகும்வரை பாக்கெட் வெண்ணெயே நல்லது.

பரவுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெண்ணெயின் சூடு. வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். சித்திரை, வைகாசியில் நம் சமையலறையே அதைத் தாண்டி நிற்கும். வெளிநாட்டுச் செய்முறையில் வெண்ணெயை அறைச் சூட்டில் வையுங்கள் என்று எழுதியிருப்பது அவர்கள் ஊரின் 20 டிகிரி அறையை நினைத்து எழுதியது. மதுரையிலோ வேலூரிலோ மே மாதம் அப்படி வைத்தால் அது பாதி நெய்யாகிவிடும். ப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் வெளியில் வைத்தால் போதும், அறுத்த பிறகு தட்டோடு மறுபடி ப்ரிட்ஜில் கால் மணி நேரம். அப்புறம், சூடான தட்டில் அடுத்த ஈடு அடுக்காதீர்கள், உள்ளே போவதற்கு முன்பே இளகிவிடும். ஓவன் சூடேறுவதற்கு முன்னால் வைத்தாலும் இதே கதைதான். மாவு வெந்து உருவம் பிடிப்பதற்குள் வெண்ணெய் ஓடிவிடுகிறது. 

இரண்டாவதாகச் சொல்வது நான்கட்டாய். சூரத் நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் இந்த நெய் பிஸ்கட்டை நம் ஊர்ப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு விதமாகச் செய்கிறார்கள். வெண்ணெய் பதம் பார்க்கக் கைவராதவர்களுக்கு இதுதான் இன்னும் சுலபம். மைதா 125 கிராம், கடலை மாவு 50 கிராம், ரவை 25 கிராம், பொடித்த சர்க்கரை 90 கிராம், நெய் 100 கிராம், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. நெய் உறைந்து மணல்மணலாக இருக்க வேண்டும், உருக்கியது ஆகாது. நெய்யையும் சர்க்கரையையும் வெளுத்து லேசாகும்வரை குழைத்து, மற்றதை எல்லாம் சலித்துச் சேர்த்து, கையில் பிடித்தால் மாலாடு போல உருண்டையாக நிற்கிற பதத்தில் நிறுத்துங்கள். நிற்காமல் உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் நெய். வழிந்தால் ஒரு ஸ்பூன் மைதா. உருட்டி, லேசாகத் தட்டி, நடுவில் ஒரு முந்திரித் துண்டு பதித்து 160 டிகிரியில் இருபது நிமிடம். மேலே பூப்போல விரிசல் விட வேண்டும், விரிசல் இல்லாத நான்கட்டாய் எனக்கு மனசுக்கு ஒப்பாது. கடலை மாவைக் கடாயில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிட்டுச் சேர்த்தால் ருசி ஒரு படி மேலே போகும், பச்சை வாடையும் இருக்காது.

இதில் பேக்கிங் பவுடருக்குப் பதில் ஆப்ப சோடாவையே அரை ஸ்பூன் போடச் சொல்லும் செய்முறைகளைப் பார்த்திருப்பீர்கள். இங்கே எச்சரிக்கையாக இருங்கள். ஆப்ப சோடா முழுதாக வேலை செய்யத் தயிர் மாதிரிப் புளிப்பு ஒன்று வேண்டும். இல்லையென்றால் மிச்சம் நின்று சோப்பு போல ஒரு ருசி தங்கும், நிறமும் சீக்கிரம் சிவந்து கறுக்கும். சோடாதான் வேண்டுமென்றால் இந்த அளவுக்கு ஒரு சிட்டிகையும் ஒரு டீஸ்பூன் தயிரும் போதும். பிஸ்கட் உப்புவதற்காகப் பேக்கரிகளில் போடும் அம்மோனியாவை (அம்மோனியம் பைகார்பனேட் பொடி) வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. மெல்லிய பிஸ்கட்டில் அதன் வாயு முழுக்க வெளியேறிவிடும். வீட்டில் நாம் தட்டுகிற கனத்த பிஸ்கட்டில் நெடி உள்ளேயே தங்கிவிடும்.

மூன்றாவது, டீயோடு சாப்பிடுகிற உப்பு பிஸ்கட். மைதா 150 கிராம், வெண்ணெய் 75 கிராம், பொடித்த சர்க்கரை 30 கிராம், முக்கால் டீஸ்பூன் உப்பு. உப்புள்ள வெண்ணெயாக இருந்தால் கால் டீஸ்பூன் போதும். இதில் வெண்ணெய் குறைவு என்பதால் மாவு கூடிவர ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன் குளிர்ந்த பால் தேவைப்படும். இங்கே மட்டும்தான் அந்த அனுமதி. சப்பாத்திக் கட்டையால் அரை சென்டிமீட்டருக்குத் தேய்த்து, டம்ளர் விளிம்பாலோ சிறு மூடியாலோ வெட்டி, முட்கரண்டியால் மூன்று இடத்தில் குத்திவிடுங்கள். குத்தாவிட்டால் நடுவில் உப்பிக்கொள்ளும். 170 டிகிரியில் பதினெட்டு நிமிடம். இதிலேயே பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் சீரகம் சேர்த்தால் பெங்களூர் ஐயங்கார் பேக்கரிகளின் காரா பிஸ்கட் பக்கத்தில் வந்துவிடும். மிளகாயையும் கறிவேப்பிலையையும் கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்குங்கள், அந்த ஈரமே மாவை இழுவையாக்கும். மழை நாளில் என் வீட்டில் முதலில் தீர்வது இதுதான்.

இனி ஓவன் இல்லாத விஷயம். இதுவரை சொன்ன எடைக்கணக்கு, பதம் எல்லாம் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. கடாயில் சுடுவதில் நேரத்தை மட்டும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் உங்கள் அடுப்பின் தீயும் பாத்திரத்தின் கனமும் வேறு. அடிகனமான இரும்புக் கடாயோ பழைய அலுமினியப் பாத்திரமோ எடுத்து, அரை அங்குலத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு வளையமோ ஸ்டாண்டோ வைத்து, கனமான மூடி போட்டு நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிஸ்கட் தட்டை உள்ளே வைத்ததும் தீயைக் குறைத்து, முதல் பதினைந்து நிமிடம் திறக்காதீர்கள். பிறகு ஒரு பிஸ்கட்டின் அடியைக் கத்தி நுனியால் தூக்கிப் பாருங்கள். அடி பொன்னிறமானால் ஆயிற்று. சூடு கீழிருந்து மட்டும் வருவதால் மேற்பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும். மேலேயும் சிவக்க வேண்டும் என்று காத்திருந்தால் அடி கருகிவிடும். இந்த முறைக்கு மூன்றிலும் பொருத்தமானது நான்கட்டாய்தான், அது வெளுப்பாக இருப்பதே அழகு. உப்பை ஆறவிட்டு ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டால் அடுத்த முறையும் இதற்கே பயன்படுத்தலாம்.

குக்கரில் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு நிறையப் பேர் செய்கிறார்கள், பிஸ்கட்டும் வருகிறது. ஆனால் தண்ணீர் இல்லாமல் குக்கரைச் சூடாக்க வேண்டாம் என்பதுதான் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் எச்சரிக்கை. தினமும் சோறு வைக்கிற குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே சூடேற்றுவதும் கூடாது, மேல்பூச்சு கெட்டுவிடும். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வாங்குவதாக இருந்தால் கூடவே ஒரு ஓவன் தெர்மாமீட்டரும் வாங்குங்கள். சின்ன ஓடிஜிகளில் திருகில் காட்டுகிற டிகிரியும் உள்ளே இருக்கிற டிகிரியும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஏர் ஃப்ரையர் இருந்தால் அதிலும் செய்யலாம், மின்விசிறி சூட்டை நேராகப் பிஸ்கட் மேலேயே அடிப்பதால் 15, 20 டிகிரி குறைத்து வைத்து, நேரத்துக்கு முன்பே எட்டிப் பாருங்கள்.

உங்கள் கேள்வியின் கடைசியில், சின்ன வயதில் பேக்கரியில் சாப்பிட்ட பட்டர் பிஸ்கட் ருசி வருமா என்று ஒரு வரி இருந்தது. நேர்மையாகச் சொன்னால், அதே ருசி வராது. பட்டர் பிஸ்கட் என்று பெயர் இருந்தாலும் பல கடைகளில் அதில் போட்டது வனஸ்பதி. வெண்ணெயைவிட அதிகச் சூட்டில் இளகுவதால் பிஸ்கட்டின் வரி, பூ எல்லாம் கலையாமல் நிற்கும், விலையும் கட்டுப்படியாகும். அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பதில் இன்று சந்தேகமில்லை. எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் வெண்ணெயில் செய்வது வேறு ஒரு பிஸ்கட், வாசனையில் அதைவிட மேல், உருவத்தில் கொஞ்சம் கீழ். பேக்கரி அமைப்புக்குக் கிட்டே போக வேண்டுமானால் ஷார்ட்பிரெட் மாவில் 20 கிராம் மைதாவை எடுத்துவிட்டு 20 கிராம் கார்ன்ஃப்ளார் சேருங்கள். புரதம் குறைவதால் இன்னும் பொலபொலவென்று வரும்.

கோதுமை மாவு, கேழ்வரகு, நாட்டுச் சர்க்கரை பற்றியும் அடுத்து யாராவது கேட்பார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டாவில் தவிடு இருப்பதால் ஈரத்தை அதிகம் இழுக்கும், முழுக்க அதிலேயே செய்தால் பிஸ்கட் வறண்டு கனக்கும். பாதி மைதா, பாதி ஆட்டா என்று தொடங்குங்கள். கேழ்வரகில் இழுவை தரும் புரதமே இல்லை, அதனால் தனியாகப் போட்டால் உதிர்ந்துவிடும். மாவை வாசம் வர வறுத்து, பாதிக்குப் பாதி ஆட்டாவோடு கலந்து, நெய்யில் செய்தால் ருசியில் குறை சொல்ல முடியாது. நாட்டுச் சர்க்கரையில் ஈரமும் பாகும் உண்டு, பிஸ்கட் நிறம் கூடி, மொறுமொறுப்பு குறையும். ஆட்டாவாலும் கேழ்வரகாலும் நார்ச்சத்தும் ருசியும் கூடுவது உண்மை. ஆனால் சர்க்கரைப் பங்கும் கொழுப்புப் பங்கும் அப்படியேதான் இருக்கின்றன. கேழ்வரகு பிஸ்கட் என்பதாலேயே சர்க்கரை நோயாளிகள் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எத்தனை சாப்பிடலாம் என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. சர்க்கரையைப் பாதியாக்கினால் என்ன என்பீர்கள். ஷார்ட்பிரெட்டில் 50 கிராமை 40 ஆக்கலாம், அதற்குக் கீழே போனால் இனிப்பு மட்டும் குறையாது, மொறுமொறுப்பும் நிறமும் சேர்ந்து குறையும்.

முதல் முறை செய்யும்போது முழு ஈட்டையும் ஒரே நேரத்தில் வைக்காமல், இரண்டே இரண்டு பிஸ்கட்டைச் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதி மாவில் ஒரு ஸ்பூன் மைதா சேர்த்துக் குளிர வைக்கலாம், வெடித்து உதிர்ந்தால் கொஞ்சம் வெண்ணெய். பேக்கரியில் நாங்களும் புது மூட்டை மைதா பிரித்த அன்று இதைத்தான் செய்வோம், ஒரு மூட்டை மாவு இன்னொன்றைப் போல இருக்காது.

ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள், வெதுவெதுப்பாக மூடினால் உள்ளே வியர்த்து நமுத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஷார்ட்பிரெட்டும் நான்கட்டாயும் பத்து நாள் நன்றாக இருக்கும், காரா பிஸ்கட்டை நாலைந்து நாளில் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் நமுத்துப்போனால் தூக்கிப் போட வேண்டாம். 150 டிகிரியில் ஐந்து நிமிடமோ, மூடிய கடாயில் சிறு தீயில் அதே நேரமோ வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகும். அடுத்த முறை செய்துவிட்டு, எந்த மாவு எத்தனை கிராம் போட்டீர்கள், என்ன பாத்திரம், அடியும் மேலும் என்ன நிறம் என்று எழுதுங்கள். அந்த மூன்றும் தெரிந்தால் எங்கே இடறுகிறது என்று சொல்லிவிடலாம்.